ரோபோட்டிக்ஸ் அணிக்கு ஆதரவு கிடைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சிக்கலைத் தீர்க்கும் வழிமுறை

"எங்க டீமுக்கு யாருமே சப்போர்ட் பண்றதில்லை" என்று ஒரு மாணவர் சொன்னால், அதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. "ரோபோ ஓடவில்லை" என்று சொல்வதைப் போலத்தான் அதுவும். ரோபோ நின்றால் பேட்டரியா, வயரா, கோடா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் அதே பிள்ளைகள், ஆதரவு நின்றுபோனால் மட்டும் மொத்தமாக மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அப்படித் தளர வேண்டியதில்லை. இதையும் கழற்றிப் பார்க்கலாம்.

முதல் சோதனைக்கு ஒரு தாள் போதும். அதில் நான்கு பத்தி போடுங்கள்: யாரிடம் கேட்டோம், என்ன கேட்டோம், எந்தத் தேதி, என்ன பதில். "என்ன கேட்டோம்" என்ற இடத்தில் சுருக்கம் எழுதக் கூடாது. சொன்ன வாக்கியத்தையே எழுத வேண்டும். தாளை நிரப்பியதும் பெரும்பாலான அணிகளுக்கு மூன்றில் ஒன்று கண்ணில் படும். கேட்டது என்னவென்றே அவருக்குப் புரிந்திருக்காது; அல்லது அதை முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்திருக்காது; அல்லது கேட்டதோடு சரி, திரும்பப் போய் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

தலைமையாசிரியர் "பார்க்கலாம்" என்கிறார்; ஒரு மாதமாகப் பதில் இல்லை

பெரும்பாலும் இது மறுப்பு அல்ல. அவர் மனதில் ஐந்து கேள்விகள் ஓடுகின்றன. மாலையில் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? கையை வெட்டிக்கொண்டால் என்ன செய்வது? பணம் எந்தக் கணக்கில் வரும், எப்படிப் போகும்? எந்த அறை, எத்தனை மணி வரை? அடுத்த ஆண்டு அந்த ஆசிரியர் மாறிப் போனால் இந்தச் சாமான்களெல்லாம் யார் தலையில் விழும்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் "தேசிய அளவில் சாதிப்போம் சார்" என்று எத்தனை முறை சொன்னாலும் கையெழுத்து விழாது.

ஒரே பக்கத்தில் ஐந்துக்கும் பதில் எழுதிக் கொண்டுபோங்கள். ஓராண்டு அனுமதி கேட்காதீர்கள். 8 வார வெள்ளோட்டம் கேளுங்கள். வாரம் இரண்டு நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, பொறுப்பாசிரியர் இவர், அவர் வராத நாளில் இவர், இருவரும் இல்லாத நாளில் அறை திறக்கப்படாது. இந்தக் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விட அதிக நம்பிக்கை தரும்.

இடத்தை அளவோடு கேளுங்கள். "பெரிய அறை" என்றால் அவருக்கு ஆடிட்டோரியம்தான் நினைவுக்கு வரும். எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்), வெக்ஸ் வி5 என்ற இரண்டு மாணவர் ரோபோ போட்டிகளிலும் களம் 12 அடிக்கு 12 அடி; 24 அங்குல ஃபோம் டைல் 36 சேர்ந்தது. சுற்றி நடக்கவும் லேப்டாப் வைக்கவும் சேர்த்து 20 அடிக்கு 20 அடி இருந்தால் தாராளம். அதுவும் இல்லையென்றால் 18 டைல் போட்டுப் பாதிக் களம் விரியுங்கள், அன்றாடப் பயிற்சியில் பெரும்பகுதி அதில் நடந்துவிடும். லெகோ துண்டுகளால் ரோபோ கட்டும் லெகோ லீக் போட்டி அணிக்கு ஏறக்குறைய 8 அடிக்கு 4 அடி மேசையும் அதைச் சுற்றி நிற்க இடமும் போதும், ஒரு வகுப்பறையின் மூலையிலேயே கணக்குத் தீர்ந்துவிடும்.

"இது என்ன போட்டி, யார் நடத்துகிறார்கள்?" என்று கேட்டால் தடுமாறக் கூடாது. எஃப்டிசி, லெகோ லீக் போட்டிகளுக்குப் பின்னால் உள்ள ஃபர்ஸ்ட் அமைப்பை டீன் கேமன் 1989இல் தொடங்கினார். உலக ரோபோ ஒலிம்பியாட் 2004 முதல் நடக்கிறது. எஃப்டிசி அணியில் 15 பேர் வரை சேரலாம், ஒலிம்பியாட் அணியென்றால் 2 அல்லது 3 பேர்தான். இந்த எண்ணிக்கை முக்கியம். மூன்று பேருக்காகப் பள்ளி ஓர் அறையையே ஒதுக்குகிறதா, முப்பது பேர் பயன்படுத்தப் போகிறார்களா என்பதை வைத்துத்தான் நிர்வாகம் முடிவெடுக்கும். ஒலிம்பியாட் அணி என்றால் நான்கைந்து அணியாகச் சேர்ந்து கேளுங்கள்.

தாளைக் கொடுத்துவிட்டு வரும்போதே அடுத்து எப்போது வரலாம் என்று நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பேச வேண்டியவர்கள் மாணவர்கள். ஆசிரியர் கூட நின்றால் போதும்.

அறை கிடைத்தது, தேர்வு வந்ததும் பறிபோனது

அறையை 15 நிமிடத்தில் காலி செய்து தர முடியாத அணி அந்த அறையை இழக்கும். இது எப்போது என்பதுதான் கேள்வி. டைல்களைப் பின்புறம் எண்ணிட்டு அடுக்குங்கள், திரும்ப விரிக்கும்போது பொருத்தம் தேட வேண்டாம். சாமான்கள் மூடியுள்ள பெட்டிகளில் இருக்கட்டும், ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் அடுக்கியபின் தெரியாது. 18 அங்குலக் கனசதுர ரோபோவுக்கு 55 செ.மீ. ஆழமுள்ள அலமாரித் தட்டு வேண்டும். சாதாரணப் புத்தக அலமாரியில் நுழையாது. சக்கரம் வைத்த அலமாரி ஒன்று கிடைத்தால் அணியே அதில் குடியிருக்கலாம். தேர்வு அட்டவணை வெளியானதும், அவர்கள் கேட்பதற்கு முன்னால், "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அறையைக் காலி செய்து தருகிறோம்" என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

துப்புரவுப் பணியாளருக்குக் கோபம். பக்கத்து வகுப்பிலிருந்து புகார்

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். மாலையில் பூட்டைத் திறப்பவரும் காலையில் அறைக்குள் முதலில் நுழைபவரும் உங்களைப் பற்றிச் சொல்வதுதான் அலுவலக அறை வரை போகும்.

புகாரின் வேர் பெரும்பாலும் அலுமினியச் சீவல். துளையிடும்போது சுருள் சுருளாக விழும், ரம்பத்தில் அறுத்தால் பொடியாகப் பறக்கும். காந்தத்தைத் தரையில் இழுத்தால் எல்லாம் வந்துவிடும் என்று பல அணிகள் நினைக்கின்றன. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. இரும்புத் திருகுகள் மட்டும் வரும், சீவல் அப்படியே கிடக்கும், மறுநாள் யாருடைய செருப்பிலோ ஏறிப் பள்ளி முழுக்கப் போகும். வெட்டும் வேலையையும் துளையிடும் வேலையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பழைய தார்ப்பாயோ கனத்த அட்டையோ விரித்து, முடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கிக் குப்பையில் கொட்டுங்கள். பிறகு மெல்லிய தூரிகை, அதற்கும் பிறகு வேக்குவம் கிளீனர். அழுத்தக் காற்றால் ஊதவே கூடாது. சீவல் கண்ணுக்குள்ளும் மின்சுற்றுப் பலகைகளுக்குள்ளும் போகும். பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர் அந்த மேசைக்கு 2 மீட்டருக்குள் வரக் கூடாது.

சத்தத்துக்கு வழி, நேரத்தைப் பிரிப்பது. வகுப்பு நடக்கும் நேரத்தில் கோடிங், வரைபடம், வயரிங். வகுப்பு விட்டபின் வெட்டும் வேலை. இதை அறைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கணினிப் பிரிவு மென்பொருளை நிறுவ விடுவதில்லை

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது: தெரியாத மென்பொருள், அட்மின் உரிமை, பள்ளி நெட்வொர்க். ஆகவே இம்மூன்றையும் குறைத்துக் கேளுங்கள். எஃப்டிசி அணி கன்ட்ரோல் ஹப் (ரோபோவை இயக்கும் சிறு கணினிப் பெட்டி) வைத்திருந்தால் லேப்டாப்பில் எதையும் நிறுவத் தேவையில்லை. ஹப் தரும் வைஃபையில் இணைந்து, பிரவுசரில் 192.168.43.1:8080 என்ற முகவரியைத் திறந்தால் பிளாக்ஸிலும் (கட்டங்களை இழுத்துப் பொருத்தும் கோடிங்) ஜாவாவிலும் அங்கேயே எழுதலாம். அந்த வைஃபை ரோபோவுக்குள்ளேயே இருக்கிறது. பள்ளி நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. லெகோ ஸ்பைக் ரோபோ கிட்டுக்கும் வெக்ஸுக்கும் பிரவுசரிலேயே கோடிங் செய்யும் வசதி உண்டு. நிறுவியே ஆக வேண்டிய மென்பொருள் இருந்தால் அதன் பெயர், பதிப்பு எண், எந்தெந்த லேப்டாப், எத்தனை மாதத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

பெற்றோர் "படிப்பு கெட்டுவிடும்" என்கிறார்கள்

இந்தக் கவலையை வாதாடி வெல்ல முடியாது, அட்டவணையால் தணிக்கலாம். அவர்கள் பயப்படுவது ரோபோவைக் கண்டு அல்ல, "இன்னும் பத்து நிமிஷம்" என்பது ஒன்றரை மணி நேரமாக நீளும் மாலைகளைக் கண்டு.

முடியும் நேரம் என்று ஒன்றைச் சொன்னால் அந்த நிமிடத்தில் அறை பூட்டப்பட வேண்டும். அதற்குக் கடைசி 20 நிமிடம் கருவியைத் தொடாத நேரம்: எடுத்து வைப்பது, பேட்டரியைப் பரிசோதிப்பது, குறிப்பேட்டில் எழுதுவது. பருவம் தொடங்கும் முன்பே தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களைச் சிவப்பில் குறித்து, அந்த நாள்களில் அணி கூடாது என்று பெற்றோர் கையில் கொடுங்கள். வீட்டுப்பாடம் நிலுவையில் இருக்கும் மாணவருக்கு அறையின் ஓரத்தில் முதல் 30 நிமிடம் ஒரு மேசை ஒதுக்குங்கள். அது தண்டனையாக இருக்கக் கூடாது; மூத்த மாணவர் ஒருவர் கூட உட்கார்ந்தால் அந்தக் கூச்சமும் போய்விடும்.

பிறகு பெற்றோரை ஒருமுறை அறைக்குக் கூப்பிடுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம். தன் மகள் கியர் விகிதத்தை விளக்குவதை ஒரு தாய் நேரில் கேட்கட்டும்: மோட்டார் பக்கம் 20 பல், சக்கரப் பக்கம் 60 பல், வேகம் மூன்றில் ஒன்றாகிறது, உராய்வில் போவது தவிரத் திருப்புவிசை மூன்று மடங்காகிறது, அதனால்தான் மேடு ஏறுகிறது. பாடப்புத்தகத்தில் படித்தது கையில் சுழல்வதைப் பார்த்தவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படும் குடும்பங்கள் எல்லா அணியிலும் உண்டு. பயணம், சட்டை, பதிவுக் கட்டணம் இவற்றில் எதைக் குடும்பம் தர வேண்டும், எதை அணி ஏற்கும் என்று முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை கட்டணத்துக்காக மௌனமாக விலகுவதைவிட அணிக்கு வேறு இழப்பு இல்லை.

மற்ற ஆசிரியர்கள் ஒத்துழைப்பதில்லை

வகுப்பைத் தவறவிடும் மாணவர் பட்டியலை 7 நாளுக்கு முன் கையில் கொடுங்கள். அன்று காலையில் கொடுத்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். தவறவிட்ட பாடத்தை என்றைக்குள் எழுதித் தருவார் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். இயற்பியல் ஆசிரியருக்குத் திருப்புவிசைப் பாடம் வரும் வாரத்தில் ரோபோவை வகுப்புக்குக் கொண்டுபோகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

40 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை

அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "எங்கள் அணிக்குத் தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற வரி இருக்கும். படிப்பவருக்கு இதில் செய்ய எதுவும் இல்லை. எவ்வளவு, எதற்கு, எப்போது, யாருக்கு என்று நான்கையும் அவரே யோசிக்க வேண்டும். யோசிக்க வைக்கும் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "3 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் தகடு, 60 செ.மீ.க்கு 60 செ.மீ. அளவில் 2 வேண்டும். உங்கள் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளே போதும். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கிடைத்தால், பொருளைப் பற்றும் கையை அதில் செய்வோம். செய்து முடித்த வாரத்தில் அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறோம்." இதைப் படிப்பவர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாலே முடிவு செய்துவிடலாம்.

நிறுவனங்களிடம் கேட்க மூன்று உண்டு: பொருள், ஆள் நேரம், பணம். இதே வரிசையில் கேளுங்கள். பணத்துக்குப் பலர் கையெழுத்து வேண்டும். மிஞ்சிய தகட்டைப் பட்டறை மேலாளரே தூக்கிக் கொடுப்பார். 3டி பிரிண்டரில் ஆறு மணி நேரம், லேசர் கட்டிங்கில் அரை மணி நேரம், வரைபடத்தைப் பார்த்துத் தவறு சொல்ல ஒரு பொறியாளரின் ஒரு மாலை. இவையெல்லாம் உண்மையான ஆதரவுதான். இப்படி ஒருமுறை கை கொடுத்தவரிடம் அடுத்த பருவத்தில் பணம் கேட்பது, முகம் தெரியாதவரிடம் கேட்பதைவிடப் பல மடங்கு எளிது.

40 கடிதத்துக்குப் பதில் 8 இடம் தேர்ந்தெடுங்கள். அணியில் யாருக்காவது அங்கே தெரிந்தவர் இருக்கும் இடங்கள் முதலில். முதலில் தொலைபேசியில் பேசி, இதை முடிவு செய்பவர் யார் என்று கேட்டு, அவர் பெயருக்குக் கடிதம் அனுப்புங்கள். பேசப் போகும் மாணவர் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கப் பழகட்டும். 10 நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டல், அதற்கு 10 நாள் கழித்து இன்னொன்று. அதற்குமேல் வேண்டாம், நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். நிறுவனங்கள் தம் நிதியாண்டு தொடங்குமுன் செலவுகளைத் திட்டமிடும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் போனவருக்குக் கிடைப்பது, ஆண்டின் நடுவில் போனவருக்கு "பட்ஜெட் முடிந்துவிட்டது" என்றாகும்.

பணம் பள்ளியின் கணக்குக்கே போக வேண்டும். ஆசிரியரின் சொந்தக் கணக்கிலோ பெற்றோர் ஒருவரின் கணக்கிலோ ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. இதில் நல்ல மனிதர்களின் பெயர்தான் கெடும். கொடுத்த அன்றே ரசீது. எடுப்பதற்கு இரண்டு பேர் கையெழுத்து. வரவு செலவு ஒரே நோட்டில், யார் கேட்டாலும் காட்டும்படி.

பொருள் வந்தது, ஆனால் பயன்படவில்லை

யாரோ அன்போடு ஒரு பெட்டி திருகு கொடுத்தார், எதிலும் பொருந்தவில்லை. ரோபோ சாமான் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு திருகு அளவு: வெக்ஸ் சாமான்களில் 8-32, ரெவ் சாமான்களில் எம்3 (3 மி.மீ. விட்டம்), கோபில்டாவில் எம்4. "நட்டு, போல்ட்டு வேண்டும்" என்று கேட்டால் எம்5 வரும். அளவு, நீளம், எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கேளுங்கள்: "எம்4, 12 மி.மீ., 200."

இன்னொரு வழக்கமான குழப்பம் அக்ரிலிக். பார்க்கப் பாலிகார்பனேட் மாதிரியே பளபளவென்று இருக்கும். மோதினால் பாலிகார்பனேட் வளையும், அக்ரிலிக் கூர்மையான சில்லாக உடையும். ரோபோவில் போடாதீர்கள். ஆனால் லேசர் கட்டிங்கில் சுத்தமாக வெட்டுப்படுவது அக்ரிலிக்தான், பாலிகார்பனேட் கருகும். வந்த அக்ரிலிக்கைப் பெயர்ப்பலகைக்கும் காட்சி மேசைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவரிடம் அதில் செய்ததைக் காட்டுங்கள். பழைய பேட்டரியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, உப்பிய லித்தியம் பேட்டரி என்றால் கையாலும் தொடக் கூடாது.

பொது நிகழ்ச்சியில் ரோபோவைக் காட்டினோம், நடுவில் நின்றுவிட்டது

ஊர் மக்கள் அணியை முதன்முதலாகப் பார்க்கும் இடம் இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அறையில் ஓடிய ரோபோ வெளியில் நிற்க ஐந்து காரணங்கள் அடிக்கடி வரும். முதலாவது வைஃபை. சில நூறு போன்கள் கூடும் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகும், இணைப்பு விட்டுவிட்டு வரும். கன்ட்ரோல் ஹப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு முதல் நாளே மாற்றி, ஓட்டும் சாதனம் அதில் இணைகிறதா என்று பாருங்கள். இரண்டாவது பேட்டரி. எஃப்டிசி போட்டியில் ஓர் ஆட்டம் 30 வினாடி தானியங்கி (ரோபோ தானாக ஓடுவது), பிறகு 2 நிமிடம் மாணவர் ஓட்டுவது. கண்காட்சியில் ரோபோ மூன்று மணி நேரம் ஓட வேண்டும். 12 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் பேட்டரி குறைந்தது நான்கு கொண்டுபோங்கள், ஒன்று ஓட, ஒன்று ஆற, இரண்டு சார்ஜரில். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜரில் போட வேண்டாம். மோட்டார் ஓடாத நிலையில் 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது தரை. பக்கவாட்டிலும் நகரச் செய்யும் உருளைகள் கொண்ட மெக்கானம் சக்கரம் புல்லிலும் தடித்த கம்பளத்திலும் பக்கவாட்டில் நகராது. கம்பளத்தில் நிலைமின்னும் சேரும், தொட்ட நொடியில் ஹப் அணைந்து மீண்டும் தொடங்கும். நான்கு டைலாவது கையோடு கொண்டுபோய் விரியுங்கள். நான்காவது வெயில். கோட்டைப் பின்தொடரும் ரோபோவின் சென்சார் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை நம்புகிறது, சூரிய ஒளியிலும் அது நிறைய இருக்கிறது. அறையில் எடுத்த அளவு அங்கே செல்லாது. நிழலில் வைத்து, அந்த இடத்திலேயே கறுப்புக்கும் வெள்ளைக்கும் புதிதாக அளவெடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது, தளர்ந்த இணைப்பு. வண்டியில் வந்த அதிர்ச்சியில் பேட்டரி இணைப்பியும் மோட்டார் வயரும் பாதி கழன்றிருக்கும். இறக்கியதும் ஒவ்வொரு இணைப்பியையும் விரலால் அழுத்திப் பார்ப்பதை ஒருவருடைய வேலையாகவே வைத்துவிடுங்கள்.

குழந்தைகள் கையில் கன்ட்ரோலரைக் கொடுங்கள். பார்த்துவிட்டுப் போகிறவர் மறந்துவிடுவார், ஓட்டிய குழந்தை வீட்டில் போய்ச் சொல்லும். ஆனால் அதற்குத் தனிப் புரோகிராம் வேண்டும்: வேகம் முழு அளவில் 30 சதவீதம், கையும் ஏற்றியும் அணைத்த நிலை, ஓட்டம் மட்டும். ஒரு குழந்தைக்கு 60 வினாடி. களத்தைச் சுற்றி 2 மீட்டர் தள்ளிக் கயிறு. அணியில் ஒருவர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி நிற்க வேண்டும். அவர் யாருடனும் பேசக் கூடாது. பேசுவதற்கு வேறொருவர்.

அப்படியும் நின்றுவிட்டதா? மறைக்காதீர்கள். சட்டத்தைக் கழற்றி உள்ளே காட்டி, "இந்த வயர் கழன்றிருக்கிறது, இதோ பாருங்கள்" என்று சரிசெய்யுங்கள். கூட்டம் நெருங்கி வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

இதெல்லாம் ரோபோ கட்டும் நேரத்தைத் தின்கிறது என்று அணிக்குள்ளேயே சிலர் முணுமுணுப்பார்கள். ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியின் மிக உயர்ந்த விருதான இம்பாக்ட் விருது ரோபோவின் வேகத்துக்குக் கொடுக்கப்படுவதல்ல. அணி தன் பள்ளியிலும் சுற்றத்திலும் செய்த பணிக்குக் கொடுக்கப்படுவது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வழிகாட்டியாக வந்த பொறியாளர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். அல்லது எல்லாவற்றையும் அவரே செய்கிறார்

இரண்டு நோய்க்கும் மூலம் ஒன்றே: அவர் வேலை என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "சும்மா வந்து பசங்களைப் பாருங்க சார்" என்று கூப்பிட்டால், வேலையில்லாமல் நிற்பவர் போய்விடுவார், பொறுமையில்லாதவர் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவார். ஆறு வாரம், வாரம் 90 நிமிடம், பொருள் இது (உதாரணமாக வயரிங்கும் ஃபியூஸும்), கடைசி வாரம் இது முடிந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். முடியும் தேதி தெரிந்தால் ஒப்புக்கொள்வது எளிது. பலர் ஏழாவது வாரமும் தாமாகவே வருவார்கள். கருவி எப்போதும் மாணவர் கையில், வழிகாட்டி கேள்வி கேட்பவர். இதை முதல் நாளே, மாணவர்கள் இல்லாத இடத்தில், மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

வெளியாள் யாராக இருந்தாலும் மாணவருடன் தனியே இருக்கக் கூடாது. அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர். செய்திகள் பொதுக் குழுவில் மட்டும், தனிச் செய்தி கிடையாது. பள்ளியின் சரிபார்ப்பு முறை எதுவோ அதை விதிவிலக்கின்றிப் பின்பற்றுங்கள். நல்ல வழிகாட்டிகள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு முறை கொடுத்த ஸ்பான்சர் அடுத்த ஆண்டு கொடுக்கவில்லை

கடைசியாக அவருக்கு எப்போது எழுதினீர்கள் என்று முதல் தாளில் பாருங்கள். ரசீதுக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. போட்டியில் தோற்றிருந்தால் வெட்கப்பட்டுச் சொல்லாமலே விட்டிருப்பீர்கள்.

அவர் கோப்பைக்காகக் கொடுக்கவில்லை. போட்டி முடிந்த 7 நாளுக்குள் ஒரு பக்கம் எழுதுங்கள்: அவர் கொடுத்தது எதற்குப் போனது, அந்தப் பகுதியின் படம், அணியில் எத்தனை பேர் இருந்தார்கள், என்ன கற்றார்கள். எண்ணாகச் சொல்ல ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது தானியங்கிப் பகுதியை 10 முறை ஓட்டி எத்தனை முறை சரியாக முடிந்தது என்று வாரந்தோறும் குறித்து வந்தால், "தொடக்கத்தில் 10க்கு 3, கடைசி வாரம் 10க்கு 8" என்று சொல்ல முடியும். தோற்ற காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அடுத்த வேண்டுகோளை அதே கடிதத்தில் வைக்காதீர்கள். நன்றிக் கடிதத்தின் அடியில் கோரிக்கை இருந்தால் அது நன்றிக் கடிதமே அல்ல. நடுவில் ஒருமுறை அவரை அறைக்கு அழைத்திருந்தால் இன்னும் நல்லது. அவர் கொடுத்த தகடு எங்கே என்று அவர் கண்கள் தேடும், மாணவர் ஒருவர் அதைத் தொட்டுக் காட்டட்டும்.

மூத்த மாணவர்கள் போனதும் அணி கலைந்தது. அல்லது எல்லாம் ஒரே ஆசிரியர் தோளில்

அணியின் மின்னஞ்சல் ஒரு மாணவரின் சொந்த முகவரியில் இருந்திருக்கும், அவர் போனதும் கடவுச்சொல்லும் போனது. பள்ளியின் பெயரில் ஒரு முகவரி வாங்குங்கள், எல்லாப் பதிவுகளும் அதில். கடைசி ஆண்டு மாணவர்கள் பருவத்தின் பாதியிலேயே ஓட்டுவதையும் கோட் எழுதுவதையும் இளையவர்களிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார வேண்டும். அது அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் செய்ய வேண்டும்.

ஆசிரியரின் வேலையைச் சில்லறையாக உடையுங்கள். சாவி ஒருவர், கணக்கு ஒருவர், பயணம் ஒருவர், கடிதங்கள் ஒருவர், பாதுகாப்புப் பெட்டியும் கண்ணாடிகளும் ஒருவர். பெற்றோரிடம் "உதவ முடியுமா" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "மூன்று சனிக்கிழமை, காலை 9 முதல் 11 வரை, அறையில் இரண்டாவது பெரியவராக உட்கார முடியுமா? ரோபோ பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை" என்று ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள். பிறகு அந்த மூன்று தேதிகளையும் அவர் கண்முன்னே கதவில் தொங்கும் நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.